எஞ்சினடியில் இருந்தவன்

"கையை எடுங்கோ."

சொல்லி வாய் மூடுவதற்குள் செலீன் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். சவப்பெட்டியின் விளிம்பில் பதிந்திருந்த வின்சன்ற்றின் வலக்கை. உள்ளங்கை முழுவதும் வெள்ளைத் துணிக்கட்டு. அதை மணிக்கட்டோடு பற்றி அப்பால் எறிந்தாள். விரல்களில் தொங்கிய செபமாலை கழன்று பறந்து, முன்வரிசைக் கதிரைக்கு அடியில் போய் விழுந்தது.

மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த செபம் 'அருள் நிறைந்த மரியே' என்ற இடத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ பிளாஸ்டிக் கப்பைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

வின்சன்ற் குனிந்து, இடக்கையால் செபமாலையைப் பொறுக்கினார். அறுபதை நெருங்கும் மனிதர். குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது.

"இதைச் சுத்திவிட்டிட்டு நான் போறன், பிள்ளை."

"நீங்கள் கொண்டுபோய் விட்டது காணும்."

பெட்டிக்குள் மாக்கஸ் படுத்திருந்தான். செலீனின் கணவன், வின்சன்ற்றின் தம்பி. அவனுடைய கலியாண நாளில் போட்ட கடல்நீலக் கோட்டு இப்போது தோளில் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. முகத்துக்கு யாரோ நிறம் பூசியிருந்தார்கள். வெள்ளைச் சேட்டின் கைகள் மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் பூட்டப்பட்டிருந்தன. விரல்கள் வெறுமையாகக் கிடந்தன.

விரல்கள் வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் இருந்தது. மன்னார்க் கரையில் அவர்களுடைய குடும்பங்களில் ஒரு வழக்கம். செத்தவனின் கையில் செபமாலையை மனைவியோ மகனோ சுற்றுவதில்லை. அவனோடு ஒரே வள்ளத்தில் போனவன்தான் சுற்றுவான். பெட்டி மூடுவதற்குச் சற்று முன்னர், கடைசி வேலையாக. கடல் தொழிலை விட்டு ரொறன்ரோவில் பாண் பேக்கரியிலும் வெயாஹவுசிலும் வேலைசெய்யும் காலத்திலும் அந்தக் குடும்பம் இதை விடவில்லை.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை மாக்கஸோடு ஒரே வள்ளத்தில் போனவர் வின்சன்ற். கொன்றவரே செபமாலை சுற்றுவதா?

"அகஸ்ரின்," என்றாள் செலீன், திரும்பாமலே.

அவளுடைய அண்ணன் அகஸ்ரின் கதவடியில்தான் நின்றான். காலையிலிருந்தே அந்த வேலைக்காகத்தான் நின்றான். நான்கு எட்டில் வந்து வின்சன்ற்றின் முழங்கையைப் பிடித்தான்.

"வாங்கோ கப்டன். கப்பலை வெளியிலை கட்டுவம்."

இரண்டு பேர் சிரிப்பை விழுங்கினார்கள். வின்சன்ற் செபமாலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இழுத்த பக்கம் நடந்தார்.

அந்த 'கப்டன்' பழைய பட்டம். ஏழு வருடப் பழையது. அப்போது வின்சன்ற்றின் அலுமினிய வள்ளம் சென்ற் லோறன்ஸ் ஆற்றின் அமெரிக்கக் கரையில், ஒரு சிநேகிதனின் இறங்குதுறையில் கட்டிக்கிடந்தது. கிழமை முடிவில் அண்ணனும் தம்பியும் எல்லை தாண்டிப் போய் மீன் பிடிப்பார்கள். அங்கே ஓடுவதற்காக வின்சன்ற் நியூயோர்க் மாநிலத்தின் படகுச் சேர்ட்டிபிக்கேற்றும் படித்து எடுத்திருந்தார். ஒரு நாள் மாலை, லைற் இல்லாமல், முழு வேகத்தில், அந்த வள்ளம் ஆட்கள் குளிக்கும் இடத்துக்குள் புகுந்தது. ஒரு பெண்பிள்ளை மயிரிழையில் தப்பினாள். கட்டிக்கிடந்த இன்னொரு படகில் இடித்துவிட்டு வள்ளம் நிற்காமல் போய்விட்டது. மறுநாள் பொலிஸ் இறங்குதுறைக்கு வந்து யார் ஓட்டியது என்று கேட்டபோது, வின்சன்ற் கையை உயர்த்தினார். சேர்ட்டிபிக்கேற்றைப் பறித்தார்கள். அந்த மாநிலத்துத் தண்ணீரில் இனி எஞ்சின் தொடக்கூடாது என்றார்கள்.

வின்சன்ற் வள்ளத்தை ட்ரெயிலரில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார். கனடாவின் படகு ஓட்டும் அட்டை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு இங்கே ஓடிக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் மத்தியில் கதை வளர்ந்தது. குடியும் சேர்ந்தது. ஒவ்வொரு டிசம்பரும் நத்தார் விருந்து மேசையில் யாராவது ஆரம்பிப்பார்கள்: அமெரிக்கா துரத்தின கப்டனுக்கு இன்னொரு துண்டு கேக் வையுங்கோ. வின்சன்ற் கேக்கைத் தின்பார். மாக்கஸ் தண்ணீர் எடுக்க எழுந்து போவான். அண்ணனை நினைத்து வெட்கப்படுகிறான் என்று செலீன் எண்ணிக்கொள்வாள். அவருடைய வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்று மாக்கஸுக்கு அவள் கட்டளையே போட்டிருந்தாள். ஓம் என்றான். போன ஞாயிறு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து இறங்கினான்.

பேக்கரிக்குப் போகவில்லை. பிளவ்ஸ் மலையடி ஏரிக்கரையிலிருந்து அண்ணனோடு வள்ளத்தில் சமன் மீன் பிடிக்கப் போனான். மே மாதத் தண்ணீர், ஐஸ்தான். அலை அடித்தது, மாக்கஸ் விழுந்தான். மீட்புப் படகு வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

எஞ்சினடியில் இருந்து வள்ளத்தை ஓட்டியது யார் என்று பொலிஸ் இன்னும் சொல்லவில்லை. செலீனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வள்ளக்காரன் வள்ளத்தில் இருக்கும்போது வேறொருவன் எஞ்சினைத் தொடுவது அவர்களுடைய கரையில் இல்லாத பழக்கம். அது மன்னாரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

ஃபோன் அதிர்ந்தது. பொலிஸ் நம்பர்.

செலீன் நடைபாதைக்கு வந்தாள். சுவரில் பெரிய டிவி ஒன்றில் மாக்கஸின் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு படத்தில் கையளவுக்கு மேல் நீண்ட மீனோடு சிரித்தான். பக்கத்தில் நின்றவரை அகஸ்ரின் வெட்டி எடுத்திருந்தான். மாக்கஸின் தோளில் நாலு விரல் மட்டும் மிச்சமிருந்தது.

அழைத்தது, வழக்கை விசாரிக்கும் பெண் அதிகாரி. செலீன் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது என்றாள். அதோடு இணைத்திருந்த, நியூயோர்க் சேர்ட்டிபிக்கேற்றைப் பறித்த கடிதத்தின் நகலும் கிடைத்தது என்றாள். செலீன் அதில் கேட்டிருந்தது ஒன்றுதான். அந்தக் கரையில் பறித்ததை இந்தக் கரையிலும் பறியுங்கள். அந்த மனிதர் சாகும்வரை ஒரு எஞ்சினையும் தொடக்கூடாது. அவரை வழக்கில் நிறுத்துங்கள்.

அதிகாரி மெதுவாக விளக்கினாள். அந்த மாநிலம் பறித்தது அந்த மாநிலத்துக்குத்தான். அங்கிருந்து இங்கே தானாக எதுவும் வருவதில்லை. இங்கே அவருடைய அட்டை செல்லுபடியானது. செலீன் இதற்கு முதல் அமெரிக்க அலுவலகத்துக்கும் எடுத்துப் பார்த்திருந்தாள். அவர்கள் மறுபக்கமாக அதையே சொன்னார்கள்: எங்களுடைய தண்ணீருக்கு வந்தால் பிடிப்போம், உங்களுடைய தண்ணீரில் எங்களுக்குக் கை இல்லை. ஏரிக்கு நடுவில் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாத ஒரு கோடு. அதற்கு இந்தப் பக்கம் வந்தால் எந்தக் குற்றமும் கழுவப்பட்டுவிடும் போலிருந்தது.

"அப்ப ஒரு மனிசன் சாகவேணும், பிறகுதான் பாப்பியளோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் கேட்டதால் அது இன்னும் முரடாக வந்தது.

மறுமுனை, அடக்கம் முடியட்டும், நேரில் வந்து சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது என்றது.

இவர்கள் எல்லோரும் இப்படித்தான். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோதும் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்ன? உங்கள் கணவர் மணிக்கூட்டை எந்தக் கையில் கட்டுவார். செத்த வீட்டில் கேட்கிற கேள்வியா? வலக்கையில், என்றாள் செலீன். எப்போதாவது இடக்கையில்? ஒரு நாளும் இல்லை. அதை எழுதிக்கொண்டு போனவள்தான்.

செலீன் ஃபோனை நிறுத்தினாள். திரும்பினால் எதிரில் செரீனா நின்றாள். வின்சன்ற்றின் மகள், யூனிவேர்சிற்றி படிக்கிறவள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"சித்தி, அப்பா மழையுக்கை நிக்கிறார். பார்க்கிங் லொட்டிலை. அகஸ்ரின் அங்கிள் உள்ளை விடமாட்டாராம்."

"நனையட்டும். உன்ரை சித்தப்பா நனைஞ்சதை விடவோ?"

"யூ டோன்ற் ஈவின் நோ..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்தாள். "அப்பா என்னைச் சொல்லக்கூடாதெண்டு சொன்னவர். ஐ ப்ரொமிஸ்ட்."

"என்னத்தைச் சொல்லப்போறாய்? உன்ரை கொப்பருக்கு அமெரிக்காக்காரன் பட்டம் குடுத்த கதையையோ?"

செரீனா சித்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் செலீன் தாங்கியிருப்பாள். அதில் இருந்தது வேறு ஏதோ. பெண் குடை கூட இல்லாமல் தகப்பனிடம் வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், மழைக்குள், பஸ் தரிப்பிடத்தில் நிற்பவர்களைப்போல இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட மண்டபக்காரர் வந்து, கோயிலில் பாதர் காத்திருக்கிறார், பெட்டியை மூடலாமா என்று பணிவாகக் கேட்டார். செபமாலை இன்னும் வைக்கவில்லையே என்றும் நினைவூட்டினார்.

"நான் வைக்கிறன்," என்றாள் செலீன்.

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. பெண்சாதி சுற்றுவதா, வழக்கம் இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அகஸ்ரின் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். வழக்கம் என்றால் ஒரே வள்ளத்தில் போனவன் கரைக்கு ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கிறதும்தான் வழக்கம், என்று அவன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

செலீன் தன் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினாள். மாக்கஸின் இடக்கையைத் தூக்கினாள். அது அவளுக்குப் புதிய வேலை இல்லை. வோபர்னில் முதியோர் இல்லத்தில் வேலை. எத்தனையோ கைகளைக் கழுவியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், கடைசியாக மடித்தும் வைத்திருக்கிறாள். கையைத் தூக்கினால் முதலில் தோலைத்தான் பார்ப்பாள். கண்டல், கீறல், அழுத்திய தடம். எங்கே என்ன இருந்தாலும் நேர்ஸிடம் சொல்ல வேண்டும். அது பழகிய கண்.

செபமாலை ஒழுங்காக இருக்கட்டும் என்று சேட்டுக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே தள்ளினாள்.

தள்ளிய கை அங்கேயே நின்றது.

மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலத்தில் ஒரு தடம். ஒன்றல்ல, இரண்டு சுற்று. பூசிய நிறம் அதுவரை வரவில்லை. சாதாரணக் கயிறு அழுத்திய தடம் வழவழவென்று இருக்கும். இது அப்படி இல்லை. பழைய ரெலிபோன் வயரைச் சுற்றி இறுக்கியதுபோல, சுருள் சுருளாக, அடுத்தடுத்து.

அவர்களுடைய மல்வேர்ன் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வந்தது. போன மாரிக்காலம். மாக்கஸ் படகு அட்டைச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். சும்மா எடுத்துவைப்போம் என்றான். அவள் வெங்காயம் உரித்தபடி கேள்வி கேட்டாள். எஞ்சினோடு இருக்கும் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு எதற்கு? ஓட்டுகிறவன் கையில் மாட்டுவதற்கு. அவன் தண்ணிக்குள் விழுந்தால் கயிறு இழுபடும், எஞ்சின் தானாக நின்றுவிடும். மற்றவர்கள் மாட்டலாமா? இல்லை. ஓட்டுகிறவன் மட்டும்தான். மாக்கஸ் மேசையில் கிடந்த நூலை எடுத்துத் தன் இடக்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்காட்டினான். இப்பிடி ரெண்டு தரம் சுத்தினால்தான் எனக்கு வசதி, என்றான். ஒருபோதும் எஞ்சின் தொடாதவன் எப்படி வசதி தெரிந்து வைத்திருக்கிறான் என்று அன்றைக்கு அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மணிக்கூட்டை எந்தக் கையில் கட்டுவார்? அந்த அதிகாரி கேட்டது இந்தத் தடத்துக்காகத்தான்.

"மூடட்டோ?" என்றான் அகஸ்ரின், அருகில் வந்து.

"அவரைக் கூப்பிடு."

"எவரை?"

"அத்தானை."

கணவனின் அண்ணனை அழைக்கும் அந்தச் சொல்லை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் வாயில் எவரும் கேட்டதில்லை. இந்த நாட்களில் அவர் பேரும் முறையும் இல்லாத 'உவர்' மட்டும்தான். அகஸ்ரின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமான பகிடி ஒன்றும் விடாமல் கதவைத் திறந்தான்.

வின்சன்ற் வந்தார். தலைமயிரிலிருந்து நீர் சொட்டிக் கம்பளத்தில் விழுந்தது. பெட்டிக்கு ஒரு எட்டுத் தள்ளியே நின்றார். கழற்றிய சேட்டுக் கையையும் தடத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துவிட்டார். அதை யாரும் பார்க்காமல் செபமாலையைச் சுற்றி மூடத்தான் காலையில் அப்படி வந்து நின்றார் என்பது செலீனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"கையைக் காட்டுங்கோ."

"எஞ்சினிலை சுட்டது, பிள்ளை. ஒண்டுமில்லை."

அவள் கேட்கவில்லை. அவர் கையைத் தானே எடுத்தாள். வேலையில் அவிழ்ப்பதுபோலத் துணிக்கட்டை அவிழ்த்தாள். சுட்ட காயம் இல்லை. உள்ளங்கைக்குக் குறுக்கே தோல் உரிந்து, சதை தெரிய, ஆழமான கோடு. சுருள் சுருளாக. அடுத்தடுத்து.

ஒரே கயிற்றின் இரண்டு முனை.

வின்சன்ற் அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார். அலை அடித்தது, அவன் எஞ்சினடியில் இருந்தபடியே விழுந்தான், கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றின் மற்ற நுனி தண்ணீரில் மிதந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். வள்ளத்துக்குள் தூக்க அவருக்குப் பலம் போதவில்லை. விட்டால் போய்விடுவான் என்று, மீட்புப் படகு வரும்வரை பிடித்தபடியே இருந்தார். கொஞ்ச நேரம் தம்பி கதைத்தான். பிறகு கதைக்கவில்லை. அப்போதும் அவர் விடவில்லை.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"பொலிசுக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டன். வீட்டிலை ஏன் சொல்லுவான்? செத்துக் கிடக்கிறவனிலை பழியைக் கொண்டுபோய்ப் போடுறதே?"

"நான் உங்களை..."

"அது பறவாயில்லை. எனக்குப் பழகின பட்டந்தானே."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் 'பழகின' அவளுக்குள் எங்கேயோ இடித்தது. நத்தார் மேசை. கேக். தண்ணீர் எடுக்க எழுந்து போகும் மாக்கஸ். ஒவ்வொரு வருடமும், அந்தக் கதை தொடங்கும் அதே நேரத்தில்.

"அத்தான்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அமெரிக்காவிலை. அண்டைக்கு எஞ்சினடியிலை இருந்தது ஆர்?"

வின்சன்ற் சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தார். தம்பியின் இடக்கையைத் தூக்கி, தடத்தின் மேலேயே, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று மெதுவாகச் சுற்றினார். சிலுவை உள்ளங்கைக்குள் வரும்படி விரல்களை மடித்துவிட்டார். மண்டபக்காரர் மூடியில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றார். அகஸ்ரின் தலை குனிந்திருந்தான்.

"உம்மை இஞ்சை கூப்பிடுற ஸ்பொன்சர் பைல் அப்ப இமிகிரேசனிலை கிடந்தது, பிள்ளை," என்றார் வின்சன்ற், பெட்டியைப் பார்த்தபடியே. "அவன்ரை பேரிலை பொலிஸ் கேசெண்டு வந்தால் நீர் கனடாவுக்கு வரேலாதெண்டு எல்லாரும் சொன்னவை. நான் சிற்றிசன். எனக்கென்ன." கொஞ்சம் நிறுத்தினார். "பிறகு ஒரு லோயரிட்டைக் கேட்டனான். அது பைலை ஒண்டும் செய்திராதாம்."

சேட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டார். பொத்தானைப் போடப் பார்த்தார். உரிந்த கையால் அது முடியவில்லை.

செலீன் போட்டாள்.